பெரியவருக்குப் பதின்மூன்று வயது

என் தம்பிக்குப் பன்னிரண்டாவது வயதில் மீசை முளைத்தது. பூனை முடி என்று சமாளிக்கக்கூடிய ரகமில்லை, அசல் மீசை. கோடை விடுமுறை முடிந்து அவன் வகுப்புக்குள் நுழைந்தபோது, புதிதாக வந்த வாத்தியார் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். எதற்கு நிற்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. தனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தானாம்.

எனக்கும் அவனுக்கும் இரண்டு வயது வித்தியாசம். நான்தான் மூத்தவள். இதை அந்த வருடம் முழுக்கப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டியிருந்தது. செருப்புக் கடையில் நான் ஒரு ஜோடியைக் காட்டிக் கேட்டால், "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கம்மா" என்றார் கடைக்காரர். அண்ணன் அப்போது கடைக் கண்ணாடியில் வாயால் ஊதி, அந்த ஆவியில் விரலால் பன்றி வரைந்துகொண்டிருந்தான்.

அவன் கால்பந்து ஆடினான். பெரிய கிளப் ஒன்றின் இளையோர் அணியில், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் பிரிவு. பிரமாதமாக ஆடினான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்தது என்னவென்றால், அவன் ஓடினான், மற்றவர்கள் விழுந்தார்கள். பந்தை முன்னால் தட்டிவிட்டு அதன் பின்னாலேயே ஓடுவான். நடுவில் வருகிறவர்கள் பாடு அவர்கள் பாடு. ஓர் ஆட்டத்தில் எதிரணி கோல்கீப்பர், இவன் வருகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் வயதானவருக்கு இடம் விடுவதுபோல் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டான்.

எதிரணிப் பெற்றோர் சும்மா இருப்பார்களா? கோட்டுக்கு வெளியே நின்று, "இவனுக்கே ஒரு புள்ள இருக்கும் போலிருக்கே" என்பார்கள். அம்மாவிடம் நேரடியாகவே வந்து வயதைக் கேட்டவர்கள் உண்டு. அம்மா குரலை உயர்த்தாமல் பதில் சொல்வாள்.

"நான்தாங்க பெத்தேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியில லிஃப்ட் ரிப்பேரு. மூணு மாடி ஏறிப் போய்ப் பெத்தேன். எந்த வருஷம்னு எனக்கு மறந்து போகுமா?"

அணிப் பையன்கள் அவனுக்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "பெரியவரே, பந்து", "பெரியவரே, பின்னாடி ஆள்" என்று மைதானம் முழுக்க ஒரே மரியாதை. வீட்டிலும் அவனுக்குத்தான் ராஜ உபசாரம். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் முட்டையும் பாலும் அடுக்கி வைத்திருக்கும். அவன் தின்று முடித்து மிச்சம் இருந்தால் எனக்கு. மிச்சம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அப்பா தன் அலுவலகத்தில், பையன் ஆறடி மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் வருவான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். அப்பா ஐந்தடி ஆறு. அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசுவதில்லை.

கோச்சுக்குப் பிடித்த வார்த்தை 'பக்குவம்'. உடம்பு பெரிதாக இருந்தால் உள்ளே இருப்பதும் பெரிதாகத்தான் இருக்கும் என்பது அவர் கொள்கை. என் தம்பி அதிகம் பேச மாட்டான். அதைப் பக்குவம் என்று எடுத்துக்கொண்டார். பேசாததற்குக் காரணம், அப்போதுதான் குரல் உடைந்திருந்தது. வாயைத் திறந்தால் பாதி வாக்கியம் லாரி ஹாரன் மாதிரியும் மீதி விசில் மாதிரியும் வந்தது. முதலில் அவனைக் கேப்டன் ஆக்கினார். பிறகு பதின்மூன்று வயதில் பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள் பிரிவுக்கே தூக்கிக் கொண்டுபோனார். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது வேனில் தன் பக்கத்தில், முன் சீட்டில் உட்காரவைத்துக்கொள்வார். போகிற வழியெல்லாம் தன் கஷ்டங்களைச் சொல்வார்.

ஒருநாள் பயிற்சி முடிந்து வந்தவன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஜீவனாம்சம்னா என்ன?"

"எதுக்குடா?"

"கோச் மாசாமாசம் குடுக்கணுமாம். ஜாஸ்தியா கேக்கறாங்களாம். ஒத்துக்கலாமா வேணாமான்னு என்கிட்ட கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சு சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

நான் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழாத குறை. அவன் சிரிக்கவில்லை. நிஜமாகவே அதை யோசித்துக்கொண்டிருந்தான். விளக்கு எரியாமல் தூங்க மாட்டாத பையன், அடுத்தவர் குடும்பச் சண்டைக்குத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

கிளப் இந்த விஷயங்களை எல்லாம் கவனிக்காமல் விட்டது என்று சொல்லக் கூடாது. உடைமாற்றும் அறைக்குப் பக்கத்தில் 'மனநல அறை' என்று ஒன்று இருந்தது. வாசலில், 'மனம் விட்டுப் பேசு' என்று கொட்டை எழுத்தில் ஒரு சுவரொட்டி. கதவு பூட்டியே இருக்கும். கிழிந்த வலைகளையும் காற்றுப் போன பந்துகளையும் உள்ளே போட்டு வைத்திருந்தார்கள். பந்துகள் மனம் விட்டுப் பேசியிருக்கலாம்.

பதினேழு வயதுக்காரர்களுக்கு நடுவில் என் தம்பி என்ன ஆனான் என்பது எங்களுக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை. அவர்கள் சிரித்தால் அவனும் சிரித்தான், எதற்கு என்று தெரியாமலே. அவர்கள் முகச்சவரக் கத்தி வாங்கினால் அவனும் வாங்கினான். கன்னத்தில் மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டு வந்து, மைதானத்தில் விழுந்துவிட்டேன் என்றான்.

அந்த அணியில் 'கோந்து' என்று ஒருவன். தடுப்பாட்டக்காரன். எதிராளியிடம் ஒட்டினால் விடமாட்டான் என்பதால் அந்தப் பெயர். அவன் அப்பா அம்மா வேறு ஊரில். கிளப் விடுதியில் தங்கி, பக்கத்துப் பள்ளியில் படித்தான். விடிவதற்கு முன் பயிற்சி, பிறகு பள்ளி, மாலையில் மறுபடி பயிற்சி. ஆக, அவன் தூங்குவதற்குத் தோதான இடம் வகுப்பறைதான். அரையாண்டுத் தேர்வில் விடைத்தாள் மேலேயே படுத்துத் தூங்கி, முதல் பக்கத்தை எச்சிலில் ஊற வைத்துவிட்டான். தலைமை ஆசிரியை, வீட்டிலிருந்து பெரியவர்கள் யாராவது வந்தால்தான் அடுத்த பரீட்சை என்று சொல்லிவிட்டார்.

கோந்து நேராக என் தம்பியிடம் வந்தான்.

"பெரியவங்கள கூட்டிட்டு வரச் சொல்றாங்கடா. நம்மகிட்டதான் ஒரு பெரியவர் இருக்காரே."

திட்டம் எளிமையானது. என் தம்பி கோந்துவின் சித்தப்பா. அப்பாவின் சட்டை ஒன்றை அலமாரியிலிருந்து கடத்தினான். தோளில் கொஞ்சம் பிடித்தது. தலையை எண்ணெய் போட்டுப் படிய வாரிவிட்டான் கோந்து. வசனமும் அவனே எழுதிக் கொடுத்தான். 'சரிங்க மேடம்', 'கண்டிப்பா', 'நான் பாத்துக்கறேன்'. இந்த மூன்றைத் தவிர வாயைத் திறக்கக் கூடாது.

அங்கே நடந்ததைப் பின்னால் கோந்துவும் என் தம்பியும் தனித்தனியே சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

தலைமை ஆசிரியை எழுந்து வணக்கம் சொன்னார். "உக்காருங்க சார்" என்றார். சித்தப்பா உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். அது வசனத்தில் இல்லாத சொந்தச் சரக்கு.

"உங்க அண்ணன் பையன் கெட்டவன் இல்ல சார். ஆனா தூங்கறான்."

"சரிங்க மேடம்."

"பூகோளத்துல தூங்கறான், கணக்குல தூங்கறான், நின்னுக்கிட்டே தூங்கறான்."

"கண்டிப்பா" என்றார் சித்தப்பா. கோந்து மேசைக்கடியில் அவன் காலை மிதித்தான்.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. ஒசரமா வளந்துட்டா பெரியவன் ஆயிடுவானா சார்? மீசை வந்துட்டா எல்லாம் தெரிஞ்சுடுமா? உள்ள இன்னும் குழந்தைதான் சார் அது. ராத்திரி சரியா தூங்கறியா, எங்கயாவது வலிக்குதா, உனக்கு இது புடிச்சிருக்கான்னு யாராவது உக்கார வெச்சு கேட்டிருக்கீங்களா?"

மூன்றாவது வசனம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. மேலே போட்டிருந்த கால் கீழே இறங்கியது.

"இல்ல மேடம்" என்றான் என் தம்பி. "யாருமே கேக்கல."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான். லேசாகக் கண் கலங்குவதெல்லாம் இல்லை. தோள் குலுங்க, அப்பாவின் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுகை. தலைமை ஆசிரியை பதறிப்போனார். அவர் சர்வீஸில் எத்தனையோ சித்தப்பாக்களைப் பார்த்திருப்பார். இப்படிப் பொறுப்பை உணர்ந்து அழுத சித்தப்பாவைப் பார்த்ததில்லை.

"அழாதீங்க சார். உங்கள நான் குத்தம் சொல்லல. தண்ணி குடிங்க."

தண்ணீரைக் குடித்தான். குடித்துவிட்டு, "அம்மாவுக்கு ஒரு போன் பண்ணிக்கட்டுமா மேடம்?" என்று கேட்டான்.

"பண்ணலாம். ஆனா வயசான காலத்துல அவங்கள எதுக்கு கஷ்டப்படுத்தணும்னு பாக்கறேன்."

அன்று எனக்குப் பள்ளி இல்லை. போன் வந்ததும் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். போனில் ஒரு விலாசமும் அழுகையும்தான் கேட்டன என்பதால், கை கால் முறிந்த ஆளைத் தூக்கிவரத் தயாராகத்தான் போனோம். தலைமை ஆசிரியையின் அறைக்குள் நுழைந்தால், அப்பாவின் சட்டையில் என் தம்பியும், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஒரு நெட்டைப் பையனும். கோந்து என்ற பெயர் அன்றைக்குப் பொருந்திய மாதிரி என்றைக்கும் பொருந்தியதில்லை.

"நீங்க யாரு?" என்றார் தலைமை ஆசிரியை.

"நான் அம்மா."

"யாருக்கு அம்மா? பையனுக்கா?"

"அந்தப் பையன் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. நான் இவனோட அம்மா."

தலைமை ஆசிரியை சித்தப்பாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் சித்தப்பாவைப் பார்த்தார்.

"சித்தப்பா என்ன படிக்கறாரு?"

"எட்டாவது" என்றாள் அம்மா.

நல்ல மனுஷி அவர். திட்டவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து என் தம்பிக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தார். கோந்துவைப் பார்த்து, "நீ போய் முதலுதவி ரூம் கட்டில்ல படு. சாயங்காலம் வரைக்கும் உன்ன யாரும் எழுப்ப மாட்டாங்க. மிச்சத்த நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். கோந்து நம்ப முடியாமல் நின்றான். பிறகு எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று ஓடியே போனான்.

திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் என் தம்பி பேசினான். அத்தனை மாதம் பேசாததற்கெல்லாம் சேர்த்துப் பேசினான். முழங்காலுக்குக் கீழே ராத்திரியில் வலிக்கிறது. பெரியவர் வலிக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொல்லவில்லை. அணியில் இருப்பவர்கள் பேசும் பேச்சு பாதி புரியவில்லை, புரிந்த பாதி பிடிக்கவில்லை. தோற்றால் கோச் அவனைத்தான் பார்க்கிறார். கோச்சின் வழக்கு அடுத்த வாரம் வருகிறது, அதற்குள் அவன் முடிவு சொல்லியாக வேண்டும்.

"என்ன வழக்கு?" என்றாள் அம்மா.

நான் சொன்னேன். அம்மா வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். பிறகு வீட்டுக்குப் போகிற பாதையை விட்டுக் கிளப்புக்குத் திருப்பினாள்.

கோச் மைதானத்தில் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில், வாரத்துக்கு இரண்டு நாள் வரும் கிளப் டாக்டர் ஒரு பையனின் கணுக்காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. சிரிக்காமல் பேசுகிற ரகம்.

அம்மா நடந்ததைச் சொல்லி முடித்ததும் கோச், "இதெல்லாம் சின்ன விஷயம் மேடம். உங்க பையன் ரொம்பப் பக்குவமானவன்" என்றார்.

"அவன் மீசைதான் சார் பக்குவம். அவன இன்னமும் நான் பாத்ரூம் வரைக்கும் துரத்திக்கிட்டுப் போய்த்தான் பல்லு விளக்க வைக்கறேன். அவன்கிட்ட போய் உங்க ஜீவனாம்சத்துக்கு வழி கேக்கறீங்க."

கோச்சின் முகம் சிவந்தது. மைதானத்தில் இருந்த பையன்கள் திடீரென்று ரொம்பக் கவனமாகக் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்தார்கள்.

டாக்டர் எழுந்து வந்தார். "எல்லாப் பசங்களுக்கும் மணிக்கட்ட எக்ஸ்ரே எடுத்தோமே, ஞாபகம் இருக்கா? எலும்பு எந்த அளவு முதிர்ந்திருக்குன்னு பாக்க. இவனோட எலும்புக்கு வயசு பதினாறு. மனசுக்கு பதிமூணு. நீங்க பேசறதுக்கு நாப்பது. ஒரே ஆளுக்குள்ள மூணு பேர் இருக்காங்க. நெரிசல்ல அவன் எப்படித் தூங்குவான்?"

"நீங்க எங்கிட்ட இதச் சொல்லவே இல்லையே."

"ரெண்டு தடவ சொன்னேன். எவ்வளவு ஒசரம் வருவான்னு மட்டும் கேட்டீங்க."

"எவ்வளவு வருவான்?" என்றார் கோச், அப்போதும்.

"வந்துட்டான். இதுக்கு மேல ஒரு விரல்கடை வளந்தா பெரிசு. மத்த பசங்க இனிமேதான் வளருவாங்க. எட்டிப் புடிச்சுடுவாங்க."

கோச் என் தம்பியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இத்தனை நாள் பார்த்த பார்வையில்லை அது. பழுத்துவிட்டதென்று வாங்கி வந்த பழத்தை வெட்டி, உள்ளே காயாக இருப்பதைப் பார்க்கும்போது இருக்குமே, அந்த மாதிரி. எனக்கு அவர்மேல் இருந்த சிரிப்பெல்லாம் அந்த ஒரு நொடியில் போய்விட்டது.

டாக்டர் என் தம்பி பக்கம் திரும்பி, "உனக்கு என்னப்பா வேணும்?" என்றார்.

அவனை அப்படி யாரும் கேட்டுப் பழக்கமில்லை.

"கேப்டன் வேணாம். வேன்ல பின்சீட்டுல பட்டன் பக்கத்துல உக்காரணும்."

பட்டன் என்பவன் பழைய அணியில் இருந்த பொடியன், அவன் வகுப்புத் தோழன். என் தம்பியின் நெஞ்சு உயரம் இருப்பான்.

டாக்டர் ஓர் ஏற்பாடு செய்தார். வாரத்தில் இரண்டு நாள் தன் உடம்புக்குச் சமமானவர்களோடு பயிற்சி, ஏனென்றால் பொடியன்களை இடித்துத் தள்ளி அவன் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. மற்றதெல்லாம், ஆட்டம், பயணம், அரட்டை எல்லாம், தன் வயதுப் பிள்ளைகளோடு. விடிகாலைப் பயிற்சி அத்தனை பேருக்கும் ரத்து. கோச் முனகினார். அம்மா, நாளைக்கே பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றதும் முனகல் நின்றது. மனநல அறையைக் காலி செய்து திறந்தார்கள். முதலில் அதற்குள் போனது கோந்துதான், தூங்குவதற்கு. பாதகமில்லை என்றார் டாக்டர்.

அப்பாவிடம் அன்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னோம். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டதெல்லாம், "அப்ப ஆறு மூணு வரமாட்டானா?" என்பதுதான். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பா எழுந்து கை கழுவினார். பிறகு தம்பி அறைக்குப் போய், முழங்காலில் எந்த இடத்தில் வலி என்று கேட்டார். கேட்கத் தெரியாமல், கடைக்காரனிடம் விலை கேட்பதுபோல் கேட்டார். ஆனாலும் கேட்டார்.

இதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று முடித்தால் பொய்யாகிவிடும். டாக்டர் சொன்னதுபோலவே மற்றவர்கள் வளர்ந்தார்கள். ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் ஒருத்தன் புதிதாக நெடுநெடுவென்று வந்து நிற்பான். என் தம்பி பந்தைத் தட்டிவிட்டு ஓடினான். இப்போது யாரும் விழவில்லை. அவன்தான் விழுந்தான். பதினைந்து வயதில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில். கோச் இன்னொரு மீசைக்காரனைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அவனை வேனில் பின்சீட்டில்தான் உட்காரவைத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருடம் மோசமான வருடம். இரண்டு முறை பூட்ஸைக் குப்பைத் தொட்டியில் போட்டான். இரண்டு முறையும் அம்மா எடுத்துத் துடைத்து, மாடிப்படி அடியில் வைத்தாள். எனக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும்போல் இருந்தது. "முட்டையாவது எனக்குக் கிடைக்குது" என்றேன். தலையணையை விட்டெறிந்தான். ஆனால் அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரித்தான்.

பிறகு, பட்டனோடு சேர்ந்து சுவரில் பந்தை அடித்து வாங்கிப் பழக ஆரம்பித்தான். இடித்துக்கொண்டு போக முடியாதவன் என்ன செய்வான்? தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று. அதுவரை அவனுக்கு அதற்கு அவசியமே இருந்ததில்லை. சுமாராக வந்தது. பிரமாதம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

அவனுக்குப் பதினாறு முடியும் சமயம், இரண்டாம் நிலை அணிகள் மோதும் ஆட்டம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனோம். நல்ல மழை. கூரைக்கடியில் நாங்கள், இன்னும் சில பெற்றோர், ஒரு நாய். கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு அவனை இறக்கினார்கள். எதிரணியில் தூண் மாதிரி ஒருவன் இவனை ஒரு தடவை தூக்கி எறிந்தான். எழுந்து சேற்றைத் துடைத்தான். அடுத்த முறை அதே தூண் ஓடிவர, பந்தை நிறுத்தாமல் ஒரு தட்டு. அது சரியாகப் பட்டனின் காலுக்குப் போனது. பட்டன் கோலுக்குள் அடிக்கவில்லை, கம்பத்தில் அடித்தான். ஆட்டம் யாருக்கும் கோல் இல்லாமல் முடிந்தது.

"நல்லா குடுத்தான் இல்ல?" என்றார் அப்பா, யாரிடம் என்று இல்லாமல்.

ஆட்டம் முடிந்ததும் பையன்கள் உள்ளே போகவில்லை. மைதானத்தின் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கிக் குளமாகியிருந்தது. ஒருவன் ஓடிப்போய் வயிற்றால் சறுக்கினான். அடுத்தது என் தம்பி. குப்புற விழுந்து, கைகளை விரித்து, குளத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை வழுக்கிக்கொண்டே போய், வாய் நிறையச் சேற்றோடு எழுந்து, மறுபடி வரிசையில் போய் நின்றான். பட்டன் அவனுக்கு முன்னால். இப்போது இவனைவிட ஒரு தலை உயரம்.

"பதினாறு வயசாகப் போகுது. சின்னப் புள்ள மாதிரி" என்றார் அப்பா.

"மாதிரி என்ன மாதிரி?" என்றாள் அம்மா.

அப்பா கார் சாவியை எடுத்தார். வண்டி சீட்டில் விரிக்கப் பழைய துணி ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க, தலையில் கையை வைத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார்.